கடைசி மணி நேரத்தின் கூலி

வேலையற்று நிற்கும் மனிதரைப் பற்றி உலகம் இரண்டு வாக்கியங்களை வைத்திருக்கிறது. 'வேலை கிடைக்கவில்லை' என்பது ஒன்று. 'வேலை செய்ய மனமில்லை' என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தை அவரே பேசுகிறார். இரண்டாவதை அவரைப் பற்றிப் பிறர் பேசுகின்றனர். வேலையற்றோருக்கான உதவியைக் குறைக்க ஓர் அரசு முற்படும்போதெல்லாம், நிதிநிலை அறிக்கையில் எண் மாறுவதற்கு முன்பே முதல் வாக்கியம் மறைந்து, இரண்டாவது அதன் இடத்தில் வந்து அமர்ந்துகொள்வதை வரலாற்றில் காண்கிறோம். சொற்களை எடைபோடுவது திறனாய்வின் பணி என்றால், இந்த இடமாற்றத்தை எடைபோடுவதும் அதன் கடமையே.

அதற்குத் துணையாக நாம் எடுத்துக்கொள்ளும் நூல் ஜான் ரஸ்கினின் 'கடையனுக்கும் கதிமோட்சம்' என்று தமிழில் அறியப்படுவது. அதைப் படிப்பதற்கு நாம் தெரிந்துகொள்ளும் இடம் ஏற்காடும் சேர்வராயன் மலையும். பருவத்துக்கு ஆள் அழைக்கும் தோட்டமும், பருவம் முடிந்தபின் வேலையற்று நிற்கும் கைகளும், அக்கைகளுக்கு வேலை தருவதாக அரசு கொடுத்த வாக்குறுதியும் ஒருங்கே காணக் கிடைக்கும் இடம் அது.

தோட்டமும் சந்தை வெளியும்

ரஸ்கின் தம் நூலின் தலைப்பை மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தார். நிலக்கிழார் ஒருவர் தம் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் தேடி விடியற்காலையில் புறப்படுகிறார். ஒரு தெனாரியம் கூலி என்று பேசி ஆட்களை அனுப்புகிறார். பின்னர் ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும், இறுதியாக ஐந்து மணிக்கும் போகிறார். பொழுது சாயும் நேரத்தில் அங்கு இன்னும் சிலர் நிற்கின்றனர். நாளெல்லாம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தங்களை வேலைக்கு அழைப்பார் யாருமில்லை என்பது அவர்களுடைய விடை. அவர்களும் தோட்டத்துக்குப் போகின்றனர். மாலையில் அவர்களுக்கும் ஒரு தெனாரியமே கிடைக்கிறது. முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கின்றனர்.

இறையருளின் தாராளத்தைக் காட்டும் கதையாகவே இதை நாம் மறையுரைகளில் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது முறையே. ஆயினும் கதை எதன்மேல் நிற்கிறது என்பதையும் நோக்க வேண்டும். ஐந்து மணிக்கு நிலக்கிழார் கேட்கும் கேள்வியில் குற்றச்சாட்டின் சாயல் உண்டு. ஆனால் விடை வந்தவுடன் அவர் அதை ஏற்றுக்கொள்கிறார். சான்று கேட்கவில்லை, சோம்பேறிகளா என்று சோதிக்கவில்லை. தெனாரியம் என்பது ஒரு தொழிலாளியின் நாள் கூலி. ஒரு மணி நேர உழைப்புக்கு அதில் சிறு பங்கே கணக்கு வரும். ஆனால் அவ்வீட்டின் அடுப்புக்கு முழு நாளின் அரிசி வேண்டும். பசி மணி நேரக் கணக்குப் பார்ப்பதில்லை. அழைப்பார் வருவாரா என்று வெயிலில் காத்து நிற்பதும் ஓர் உழைப்பே என்பதை, அந்நிலையில் நின்றவர்கள் அறிவர்.

ரஸ்கின் தந்ததும் விட்டதும்

1860-இல் இலண்டனில் வெளிவந்த 'கார்ன்ஹில்' என்னும் மாத இதழில் ரஸ்கின் பொருளியல் பற்றிய கட்டுரைகளை எழுதத் தொடங்கினார். நாவலாசிரியர் தாக்கரே அவ்விதழின் ஆசிரியர். வாசகர்களிடையே எழுந்த எதிர்ப்பின் காரணமாக நான்கு கட்டுரைகளோடு தொடர் நிறுத்தப்பட்டது. அவை 1862-இல் நூலாயின. மனிதனை ஆசையால் மட்டுமே இயங்கும் பொறியாகக் கருதி வகுக்கப்பட்ட பொருளியல், மனிதனைப் பற்றிய அறிவே ஆகாது என்பது நூலின் அடிப்படை. கூலி என்பது நீதியைப் பற்றிய கேள்வி. பேரத்தைப் பற்றியது அன்று என்பது அதன் முடிபு.

ஆயினும் இந்நூலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. திறமையுள்ளவனுக்கும் திறமையற்றவனுக்கும் ஒரே கூலி நிலைத்திருக்க வேண்டும் என்று முதல் கட்டுரையில் வாதிடும் ரஸ்கின், நல்ல தொழிலாளிக்கு வேலை கிடைக்கும், திறமையற்றவனுக்குக் கிடைக்காமற்போகும் என்பதையும் உடன் ஒப்புக்கொள்கிறார். கடையனைத் தலைப்பில் ஏற்றிய நூல், முதல் கட்டுரையிலேயே அவனைச் சந்தை வெளியில் நிறுத்திவிடுகிறது! இக்குறையை ஆசிரியர் உணர்ந்திருக்க வேண்டும். 1862-இல் எழுதிய முன்னுரையில் அவர் விடை தருகிறார். வேலையிழந்த ஆணோ பெண்ணோ அருகிலுள்ள அரசுப் பயிற்சிக்கூடத்தில் உடனே சேர்க்கப்பட்டு, ஆண்டுதோறும் வரையறுக்கப்படும் கூலிக்கு வேலை பெற வேண்டும். தொழில் தெரியாதோர்க்குக் கற்பிக்க வேண்டும். நோயுற்றோரைப் பேண வேண்டும். வேலை செய்ய மறுப்போரைக் கடுமையாகக் கட்டாயப்படுத்த வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இறுதிப் பகுதியில் அவர் காலத்து ஆசிரியத்தனத்தின் பிரம்பு தெரிகிறது. எனினும் வேலை தருவது அரசின் பொறுப்பு என்னும் எண்ணம் இங்கே தெளிவாகப் பிறந்துவிட்டது.

1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் இரயிலில் காந்தியடிகள் இந்நூலைப் படித்தார். நண்பர் போலக் கொடுத்தது அது. அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது. 1908-இல் நூலின் சாரத்தைக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்னும் பெயரில் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அவர் எழுதினார். ரஸ்கினின் 'கடையன்' அங்கே 'எல்லார்' ஆனான். உடல் நலமுள்ளவருக்கு உழைப்பின்றி இலவச உணவு அளிப்பதைக் காந்தியடிகள் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எதிர்த்தார். வேலையற்றவருக்கு அவர் கேட்டது வேலை. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு 2009-இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டது இவ்வகையில் பொருத்தமே. திராட்சைத் தோட்டத்து உவமையிலிருந்து இந்தியச் சட்டப் புத்தகம் வரை ஒரே நூலிழை ஓடிவந்ததைக் காண்கிறோம்.

மலையிலிருந்து படித்தல்

இனி அந்த இழையைச் சேர்வராயன் மலையில் வைத்துப் பார்ப்போம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடியும், மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியுமாக மலை மாறிற்று. கார்த்திகை தொடங்கி மாசி வரை பழம் பறிக்கும் காலம். அப்போது கைகள் எத்தனை வந்தாலும் தோட்டத்துக்குப் போதா. பறிப்பு முடிந்தபின் களையெடுப்பு, கவாத்து, நிழல் கழித்தல் என வேலை சுருங்கும். தோட்டத்துக்குப் பருவம் உண்டு. வயிற்றுக்குப் பருவம் இல்லை.

நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், வெள்ளக்கடை முதலிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பெயரால் மலையாளிகள், மொழியால் தமிழர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தோர் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. மேட்டுப் புன்செயில் விளையும் சாமையும் கேழ்வரகும் ஆண்டு முழுவதற்கும் போதுவதில்லை. ஆகவே சேலத்துக்கும், திருப்பூருக்கும், கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் இறங்கிப் போவது மலைவாழ் குடும்பங்களின் வழக்கமாயிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வேலையின்மையின் விலை எவ்வளவு என்பதை 2015 ஏப்ரல் 7 அன்று தமிழகம் கண்டது. ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றவர்கள் எனக் கூறிக் காவல் துறையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைகள். பலர் மலைவாழ் மக்கள். குற்றம் எவ்வளவு, தண்டனை எவ்வளவு என்பது வேறு விவாதம். கூலிக்காகக் காட்டுக்குள் ஏன் போனார்கள் என்னும் கேள்வியை மட்டும் இங்கே நிறுத்திக்கொள்வோம்.

2008 ஏப்ரலில் வேலை உறுதிச் சட்டம் நாட்டின் ஊரக மாவட்டங்கள் அனைத்துக்கும் விரிந்தபோது, இம்மலையின் ஊர்களுக்கும் 'நூறு நாள் வேலை' வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. கேட்ட 15 நாளுக்குள் வேலை. தரத் தவறினால் வேலையில்லாக் காலப் படி: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன்பின் அரைப் பங்குக்குக் குறையாமலும். ஐந்து மணிக்கு நிற்பவரின் விடையை முதன்முறையாக இந்நாட்டுச் சட்டம் நம்பியது எனலாம். வேலை கேட்டதற்கு அவர் சான்று காட்டினால் போதும். வேலை ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அரசே பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இவ்வேலை நாள்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்களுடையவை. மலையில் ஒரு பெண்ணுக்கு ஊரிலேயே மற்றொரு வேலை உண்டு என்பது, தோட்டத்துக் கூலியைப் பற்றி அவள் வாய் திறந்து பேசுவதற்கும் தெம்பு தரும்.

சேலம் அறிந்த பழைய வெட்டு

உதவியைக் குறைக்கும் அரசியல் புதிதன்று. சேலம் மாவட்டம் அதை முன்பே அறியும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871-க்கும் 1881-க்கும் இடையே அதன் மக்கள்தொகை பெருமளவு குறைந்தது. 1877 தொடக்கத்தில் வைசிராய் லிட்டன், பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். நிவாரணப் பணியில் மண் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று அவர் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். கடும் உழைப்புக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமேனும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதிட்டார். அவ்வாண்டிலேயே சென்னை அரசு அளவை ஓரளவு உயர்த்தியது. அதற்குள் பலர் மாண்டனர்.

இதே டெம்பிள் 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கியவர். அங்கே உயிர்ச்சேதம் மிகக் குறைவு. ஆனால் அளவுமீறிச் செலவிட்டார் என்று அவர்மேல் பழி விழுந்தது. மக்களைக் காப்பாற்றியதற்காகக் கண்டிக்கப்பட்டவர், அடுத்த முறை சிக்கனத்தால் நற்பெயர் தேடினார். வெட்டும் கையில் எப்போதும் கொடுமை மட்டுமே இருப்பதில்லை. மேலிடத்தின் மெச்சுதலை நாடும் அச்சமும் இருக்கிறது என்பதை டெம்பிளின் வரலாறு காட்டுகிறது.

அவர் முன்வைத்த காரணம் நமக்குப் பழக்கமானது: உதவி தாராளமானால் மக்கள் உழைப்பை மறப்பர். 1834-இல் இங்கிலாந்தில் திருத்தப்பட்ட ஏழையர் சட்டமும் இதையே சொன்னது. உதவி பெறுபவரின் நிலை, உழைப்பவரில் மிகத் தாழ்ந்தவரின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. நிவாரண வேலையைத் தொலைவில் வைத்து, அங்கு நடந்து வருபவனே உண்மையில் பசித்தவன் என்று சோதிப்பது பஞ்சகால நிருவாகத்தின் முறைகளுள் ஒன்று. பசித்தவன் நடக்க முடியாதவன் என்பதை அச்சோதனை கருதவில்லை.

கத்தரிக்கோல் தெரியாத வெட்டு

இன்றைய வெட்டு, டெம்பிளின் ஆணைபோல் ஒரே வரியில் வருவதில்லை. 2023 சனவரி முதல் நூறு நாள் வேலையில் வருகையை நாளுக்கு இருமுறை கைபேசிச் செயலியில் படத்தோடு பதிய வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. கோபுரத்தின் அலை எட்டாத மலைமடுவில் இது பழைய தொலைவுச் சோதனையின் புதிய வடிவம். 2024 சனவரி முதல் கூலி ஆதார் வழியே மட்டும் என்றாயிற்று. 2023-24 நிதிநிலை அறிக்கை இத்திட்டத்துக்கு 60,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆண்டு முடிவதற்குள் அதை 86,000 கோடியாக உயர்த்த நேர்ந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அதே 86,000 கோடி. கூலி விகிதமோ தமிழ்நாட்டில் 319 ரூபாயிலிருந்து 336 ரூபாய் ஆயிற்று. ஒதுக்கீடு நிற்க, கூலி ஏறினால் நாள்கள் குறையும். இது எளிய கணக்கு. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு முறையிட்டது. செய்த வேலைக்குக் கூலி மாதக்கணக்கில் வராவிட்டால், அடுத்த முறை வேலை கேட்பவர் குறைவர். அக்குறைவு, மக்களுக்கு இவ்வேலை தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அம்மாதம் 21-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நாள்கள் 100-லிருந்து 125 ஆயின. வரவேற்கத்தக்க எண். ஆனால் எண்ணைச் சுற்றியுள்ள வாக்கியங்களையும் படிக்க வேண்டும். முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மைய அரசு ஏற்றது. புதிய ஏற்பாட்டில் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். மாநிலத்துக்கு இவ்வளவு என்று மைய அரசு முன்கூட்டி வரையறுக்கும். மிஞ்சிய செலவு மாநிலத்தின் தலையில். விதைப்பும் அறுவடையும் மிகும் காலத்தில், ஆண்டில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. காந்தியடிகளின் பெயரும் நீங்கியது. கேட்டவருக்கு வேலை என்பது பழைய சட்டத்தின் இலக்கணம். ஒதுக்கியதற்குள் வேலை என்பது புதியதன் இலக்கணம். எழுவாய் மாறிவிட்டது. வேலை கேட்கும் மனிதர் இருந்த இடத்தில் ஒதுக்கும் அரசு அமர்ந்திருக்கிறது.

அந்த 60 நாள் விதியைச் சேர்வராயன் மலையிலிருந்து படித்தால் அதன் பொருள் இன்னும் விளங்கும். அறுவடைக் காலத்தில் மாற்று வேலை இல்லை என்றால், தோட்டம் சொல்லும் கூலியே கூலி. சந்தை வெளியில் நிற்பவரை நோக்கி வரும் நிலக்கிழார் ஒருவரே என்று ஆகிவிட்டால் பேரத்துக்கு இடமேது?

மாநில அரசின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த இளைஞருக்குத் தமிழ்நாடு அரசு மூன்றாண்டு வரை உதவித்தொகை தருகிறது. 2024-இல் அது பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200 ரூபாய். அவ்வாண்டின் நூறு நாள் வேலைக் கூலியில் அந்த 600 ரூபாய் இரண்டு நாளுக்கும் எட்டாது. விலைவாசி ஏற, தொகை மட்டும் அசையாமல் நிற்பதும் ஒருவகை வெட்டே. அதற்கு எந்தச் சட்டமன்றத்திலும் வாக்கெடுப்புத் தேவைப்படுவதில்லை.

எதிர்வாதங்களின் எடை

வெட்டை ஆதரிப்போர் கூறுவனவற்றில் வலுவுள்ளவையும் உண்டு. போலி அட்டைகளும், மனிதர் செய்ய வேண்டிய வேலையைப் பொறிகள் செய்ததும் நாட்டின் பல பகுதிகளில் வெளிப்பட்டன. மரத்தடியில் பொழுது கழிந்த இடங்களும் உண்டு. நடவுக்கும் பறிப்புக்கும் ஆள் கிடைக்காத சிறு விவசாயியின் துயரமும் பொய்யன்று. ஆனால் களவுக்கு மருந்து கிராம சபையின் சமூகத் தணிக்கை. பழைய சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. தணிக்கையை நடத்தாமல் திட்டத்தைச் சுருக்குவது, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனின் சோற்றுப் பானையை எடுத்துச் செல்வது போலாகும். சிறு விவசாயியின் இழப்புக்குக் காரணம் விளைபொருளுக்குக் கிடைக்காத விலை. அதைக் கூலியாளின் வயிற்றில் ஈடுகட்டுவது நீதியாகாது.

வள்ளுவரையும் மேடைகளில் துணைக்கு அழைக்கின்றனர். இல்லை என்று சோம்பியிருப்பாரைக் கண்டு நிலமகள் நகைப்பாள் என்பது உழவு அதிகாரத்தின் கருத்து. நகைப்பதற்கு அவருக்கு நிலம் இருக்க வேண்டுமே! நிலமற்றவருக்கு அக்குறள் பொருந்துமா என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. இரந்துதான் ஒருவன் வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று இரவச்சத்தில் சினந்தவரும் அதே வள்ளுவரே. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பவர் நூலைப் படித்தவராகார்.

அருளும் உரிமையும்

இப்போது ரஸ்கினிடம் திரும்புவோம். அவருடைய நூலின் பெருமை, கூலியை நீதியின் மன்றத்துக்குக் கொண்டுவந்தது. அதன் குறை, நீதிக்கு நல்ல முதலாளியை நம்பியிருந்தது. உவமையின் நிலக்கிழார் தமக்குரியதைத் தாம் விரும்பியபடி கொடுப்பதாகக் கூறுகிறார். அவர் கடவுளைக் குறிக்கும்போது அச்சொல் நம்மை வணங்கச் செய்கிறது. அதே சொல்லை ஓர் அரசு பேசும்போது நாம் நிமிர்ந்து மறுக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அரசின் பணப்பை அரசுக்குரியதன்று. ஏற்காட்டுப் பெண் வாங்கும் தீப்பெட்டியிலும் துணியிலும் வரி இருக்கிறது. பொதுத் தோட்டத்தின் சந்தை வெளியில் நிற்பவரும் அத்தோட்டத்தின் பங்காளியே. ஆகவே அவருக்குத் தரப்படுவதைச் 'சலுகை' என்றும் 'இலவசம்' என்றும் அழைப்பது சொற்குற்றம் மட்டுமன்று. கணக்குக் குற்றமும் ஆகும்.

1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல் இவ்விடத்தில் ரஸ்கினைக் கடந்து செல்கிறது. நேரே வேலை தருபவரைத் தவிர, சட்டத்தாலும் கொள்கையாலும் வேலையின் நிலையைத் தீர்மானிக்கும் அரசு போன்ற அமைப்புகளை அது 'மறைமுக வேலை அளிப்போர்' என்று கருதுகிறது. வேலையற்றோருக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் வாழ்வுக்குரிய உதவி அளிப்பதை அது கடமை என்கிறது. பொருள்கள் அனைவரின் பயன்பாட்டுக்கும் உரியவை என்பதும், உயிர் வாழும் உரிமையுமே அக்கடமையின் வேர். நல்ல மனம் படைத்த முதலாளி மாறலாம், மறையலாம். கடமை என்று எழுதப்பட்டது அவரோடு மறைவதில்லை.

ஆகவே உதவி வெட்டப்படும்போது குறைவது தொகை மட்டுமன்று. உரிமையாக எழுதப்பட்டது ஒதுக்கீடாகிறது; ஒதுக்கீடு நாளடைவில் தயவாகிறது; தயவு கேட்பவர் தலைகுனிந்து நிற்கப் பழகுகிறார். உவமையில் முணுமுணுத்தவர்கள் செல்வர்கள் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. அவர்களும் வெயிலில் உழைத்த கூலியாள்களே. உழைப்பவரை வேலையற்றவருக்கு எதிராக முணுமுணுக்க வைப்பதே வெட்டும் அரசியலின் பழைய தந்திரம். அம்முணுமுணுப்பு நம் இல்லங்களிலும், திருப்பலி முடிந்து ஆலய வாசலில் பேசும் பேச்சிலும் எளிதாகக் கலந்துவிடுகிறது. 'யாரும் வேலைக்கு வருவதில்லை, எல்லாம் இலவசத்தால் கெட்டது' என்னும் வாக்கியம் நம் நாவில் எழும்போது, அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாலை ஐந்து மணிக்கு நிற்பவரின் விடையை நாம் கேட்டோமா?